வேலிக்காத்தான் வளர்த்த பெரியப்பா

பெரியப்பா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் முகமல்ல, ஒரு சாக்கு நிறையக் காய்ந்த மஞ்சள் காய்கள். எங்கள் பிரெஞ்சு எல்லையைத் தாண்டி, பிரிட்டிஷ் பக்கத்திலிருந்து அதை வண்டியில் வரவழைத்து, குருவிநத்தத்து வீட்டு வாசலில் கொட்டி, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "இதுக்குப் பேரு வேலிக்காத்தான். மழையும் வேணாம், ஆளும் வேணாம், தானா வளரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சைகோனில் ஏதோ ஒரு சுங்கச்சாவடியில் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர், பென்ஷனும் வெள்ளைத் தொப்பியுமாக ஊர் திரும்பியதும் தமக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை என்று முடிவு செய்துவிட்டார். அவர்மேல் எனக்கு அப்போதே மதிப்பில்லை. ஆனால் ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் கொம்யூன் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் நான் அதை வெளியே காட்டிக்கொண்டதுமில்லை.

ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு மணல்மேடு இருந்தது. அதைச் சுற்றி வேலி போடக் காய்களைத் தாமே உடைத்து, பாத்தி கட்டி விதைத்தார். ஒரு மாதம் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. மண்ணைத் திட்டினார், காய் விற்றவனைத் திட்டினார். அந்த வழியாக ஆற்றுக்கு ஆடு ஓட்டிப்போகும் அஞ்சலைதான் ஒருநாள் நின்று சொன்னாள்.

"அய்யா, அந்தக் கொட்டைக்குத் தோலு கெட்டி. காய ஆட்டுக்குப் போடுங்க. தின்னுட்டுப் புழுக்கையில வுடும் பாருங்க, அதான் மொளைக்கும்."

"ஆடு மேய்க்கிறவ எனக்கு வெவசாயம் சொல்லித் தர்றியாடி?" என்றார் பெரியப்பா. மறுநாள் மிச்சக் காய்களை அவளிடமே கொடுத்தனுப்பினார்.

புழுக்கையைச் சேர்த்துக் கொண்டுவந்தது அஞ்சலை. ஐப்பசி மழைக்கு முன்னே, இரண்டு வரிசையாகக் கரை எடுத்து, சாணுக்கு ஒன்றாக ஊன்றியதும் அவள்தான். முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் காட்டினாள். முழங்கால் உயரம் வந்ததும் நுனியை வெட்டிவிட்டாள்; அப்படிச் செய்தால்தான் செடி பக்கவாட்டில் கிளைத்து அடர்த்தியாகும். அவள் கையெல்லாம் முள் கீறல். பெரியப்பாவோ வந்தவர்களிடம், "சைகோன்ல கத்துக்கிட்ட வித்தை" என்றார். அந்த மரம் சைகோனில் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம் வேலி ஆளுயரம் நின்றது. ஆற்றுக்குப் போகும் தடத்துக்கென்று விட்டிருந்த இடைவெளியில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார் பெரியப்பா. அஞ்சலையும் அவள் தெருப் பெண்களும் தண்ணீருக்கு ஊரைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அவள் ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு பட்டப்பகலில் அரிவாளோடு வந்து முள்ளை இழுத்துப் போட்டாள். பெரியப்பா புகார் கொடுத்தார். அதைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தவன் நான்.

விசாரிக்க வந்த வெள்ளைக்கார அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நானே போனேன். அஞ்சலை வேலியோரம் நின்று தெளிவாகச் சொன்னாள்: "இது எங்க பாட்டன் நடந்த வழி. யாரையும் கேட்டு நடக்கல. இந்த வேலிய ஊனனதே நான்தான். வழிய வுட்டுத்தான் ஊனனேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். பெரியப்பாவும் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தார். நிலக்காரர் தயவில் இத்தனை நாள் நடந்து வந்ததாக இவள் ஒப்புக்கொள்கிறாள் என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். வழி கிடையாது என்று பத்து நாளில் உத்தரவு வந்தது.

இன்று அந்த மேடு முழுக்க முட்காடு. பெரியப்பாவின் பேரன்களே உள்ளே கால் வைக்க முடியாது. அவரை அற்ப மனிதர் என்று இத்தனை காலமாகச் சொல்லி வருகிறேன். அற்பர்தான். ஆனால் அன்று அவர் வாயைத் திறக்கவே இல்லை.

அதிகாரியின் வண்டி கிளம்பியதும் அஞ்சலை என்னருகில் வந்தாள். "நான் சொன்னத அப்படியே தொரைகிட்ட எடுத்துச் சொன்னியே தம்பி, நீ நல்லா இருக்கணும்" என்றாள்.