நான் உடைக்காத பல்

நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் எந்திரத்தின் வாளிகளுக்குப் பல் வார்த்துத் தருகிற சிறிய பட்டறையில், தரம் பார்ப்பது என் வேலை. குரோமியம் கலந்த இரும்பு அது. அளவுக்கு மீறிய சூட்டில் அச்சில் ஊற்றினால் மெதுவாக ஆறும், உள்ளே இரும்பின் மணித்துகள் பெருத்துவிடும். கடினம் சோதிக்கும் கருவியில் அப்போதும் தேறிவிடும்; ஆனால் சுரங்கத்து மணற்பாறையில் சீக்கிரமே தேய்ந்துபோகும். அதனால் ஒவ்வொரு உலை இரும்பிலும் ஒரு பல்லை உடைத்து உள்முகம் பார்ப்பது எங்கள் வழக்கம்.

அன்று அச்சு தயாராகத் தாமதம். அதற்குள் உலை அளவுக்கு மீறிக் கொதித்துவிட்டது. சூடு இறங்கக் காத்திருக்க வேண்டும். வாசலில் லாரி நின்றது, எனக்குப் பசி வேறு. ஊற்றச் சொல்லிவிட்டேன். பிறகு அந்தப் பற்களில் ஒன்றை உடைக்கப் பயந்து, முந்தின நாள் வார்த்ததை உடைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மகா யோக்கியன் நான்.

பாதி நாளிலேயே பற்கள் மழுங்கின. பழி, அவற்றை மாட்டிய கான்ட்ராக்ட் தொழிலாளி மேல் விழுந்தது. கம்மாபுரம் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். பல்லை வாளியோடு பிணைக்கும் பின்னைச் சரியாக அடிக்காததால் பல் ஆடித் தேய்ந்தது என்றார்கள் சுரங்க அதிகாரிகள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மேசைமேல் ஒரு பல் உடைந்து கிடந்தது. உள்ளே கல்லுப்பு மாதிரி பெரிய பெரிய மணி. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"வார்ப்புல குறை இல்ல சார்" என்றேன்.

அவருடைய கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது எனக்காகக் காத்திருந்தார். சட்டையைப் பிடிப்பார் என்றுதான் நினைத்தேன். பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இத்தினி வருசமா தப்பாவே அடிச்சிக்கினு இருந்துட்டேன் போலங்க" என்றார். "எப்படி அடிக்கணும்னு நீங்க ஒருவாட்டி காட்டுங்க சார். வேற எடத்துல வேலைக்குக் கேக்கணும்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் நீட்டிய சுத்தியலை வாங்கிக்கொண்டேன். வாழ்நாளில் ஒரு பல்கூட மாட்டாத நான், பின்னை எப்படி அடிப்பது என்று அவருக்குக் காட்டினேன். அவர் குனிந்து, கவனமாகப் பார்த்துக்கொண்டார்.