சிவப்பைத் தொடாதீங்க

நான் கம்ப்யூட்டர் இஞ்சினியர். பட்டம் வாங்கிய நாள்வரை சொந்தமாக ஒரு புரோகிராம்கூட எழுதாத இஞ்சினியர். இதில் எனக்கு வெட்கம் கிடையாது, கோபம்தான் உண்டு. கடைசி வருட புராஜெக்டுக்கு எங்கள் குழுவிலிருந்த பையன்கள் திருச்சிக்கு பஸ் ஏறிப் போய், ஒரு புராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக வாங்கி வந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் முடித்தார்கள். "நீங்க ரிப்போர்ட்டைப் பாத்துக்குங்க, பைண்டிங் நீட்டா இருக்கணும்" என்று குழுவிலிருந்த பெண்களிடம் சொன்னார்கள். நாங்களும் தங்க எழுத்து அச்சடித்த அட்டை போட்டு நீட்டாகக் கொண்டுவந்தோம்.

லேபிலும் இதே லட்சணம்தான். எர்ரர் என்று திரையில் வந்தால் போதும், பின்னாலிருந்து ஒரு கை நீண்டு மவுஸைப் பிடித்துவிடும். "தள்ளு, நான் பாக்கறேன்." தள்ளித் தள்ளியே நான்கு வருடம் போய்விட்டது.

பிறகு கல்யாணம். ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து பெரம்பலூர் டவுனுக்கு வந்தேன். மாமனார், மாமியார், வீட்டிலிருந்தே சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கும் கணவர், எல்கேஜி போகும் மகள். கணவரும் சாஃப்ட்வேர்தான். தங்கமான மனுஷன். அதுதான் பிரச்சினையே. நான் பாட்டில் மூடியைத் திறக்கப் போனால் வாங்கித் திறந்துவிடுவார். ஏடிஎம்மில் நான் ரகசிய எண்ணை யோசிப்பதற்குள் அவரே அழுத்திவிடுவார். ஸ்கூட்டி கற்றுக்கொடுக்கிறேன் என்று பின்னால் உட்கார்ந்து, என் தோளுக்கு இருபுறமும் கையை நீட்டி ஹேண்டில்பாரை அவரே பிடித்துக்கொண்டார். துறையூர் ரோட்டில் நான் முன்னால் உட்கார்ந்து சாமி புறப்பாடு போல ஊர்வலம் போனேன். இன்றுவரை எனக்கு ஸ்கூட்டி வராது. "அவளுக்கு பயம்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு என்ன பயம்! ஹேண்டில்பார் கையில் கிடைத்தால்தானே பயப்பட.

அப்படி இருக்கும்போதுதான் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. அரியலூரில் ஒரு கம்பெனி சின்னதாக ஆபீஸ் திறக்கிறது. படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்களையும் எடுக்கிறார்கள். மார்க்கு கேட்க மாட்டார்கள். எதிரே உட்காரவைத்து, ஒரு சின்ன புரோகிராமை எப்படி எழுதுகிறோம் என்று பார்ப்பார்கள். அதுவும் டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்ட் முறையில். அதைப் படித்ததும் கணவர் சொன்னார், "அட, அது ஒண்ணுமில்ல. ரெண்டு நாள்ல நான் சொல்லித் தந்துடறேன்."

"வேண்டாங்க" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! ஆனால் நான் முடிவு செய்துவிட்டேன். இந்த ஒன்றை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை என் கையால் செய்வேன். வேலை கிடைத்தால் அது என்னுடையது. கிடைக்காவிட்டால் அந்தத் தோல்வியும் என்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

தேர்வுக்குப் பேர் கொடுத்துவிட்டு, பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி சாப்பாட்டு மேசையில் வைத்தேன். இலவச வீடியோக்களைப் பார்த்து நானே ஆரம்பித்தேன். விஷயம் இவ்வளவுதான்: புரோகிராம் எழுதுவதற்கு முன்னால், அது என்ன பதில் சொல்லவேண்டும் என்பதை ஒரு டெஸ்டாக எழுதிவிடவேண்டும். ஓட்டிப் பார்த்தால் சிவப்பு வரும், ஏனென்றால் புரோகிராமே இன்னும் இல்லை. அந்த ஒரு டெஸ்ட் பாஸாகும் அளவுக்கு மட்டும் எழுதினால் பச்சை. பிறகு எழுதியதைக் கொஞ்சம் துடைத்துச் சீராக்கிவிட்டு, அடுத்த டெஸ்ட். மறுபடி சிவப்பு.

பழகுவதற்கு என்று சின்னச் சின்னக் கணக்குகள் கொடுத்திருந்தார்கள். சாதாரண எண்ணை ரோமன் எண்ணாக மாற்று என்று ஒன்று. ரோமாபுரிக்காரன் எப்படி எழுதினால் எனக்கென்ன? நானே ஒரு கணக்கு போட்டுக்கொண்டேன். கல்யாண வீட்டில் ஒரு பந்திக்கு நாற்பது இலை. இத்தனை பேர் வந்தால் எத்தனை பந்தி போடவேண்டும்?

முதல் டெஸ்ட்: யாருமே வரவில்லை என்றால் பூஜ்யம் பந்தி. ஓட்டினேன், சிவப்பு. 'பூஜ்யம்' என்று மட்டும் பதில் சொல்லும் ஒரு வரி எழுதினேன். பச்சை! இது என்ன திருட்டுத்தனம் என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அதுதான் விதி. கேட்டதற்கு மேல் ஒரு எழுத்துகூடச் செய்யக்கூடாது. மருமகளாக வந்த நாளிலிருந்து கேட்பதற்கு முன்பே எல்லாம் செய்து வைக்கவேண்டும் என்று பழக்கப்பட்டவளுக்கு இது எப்படி இனித்தது என்று சொல்லி மாளாது.

ஆனால் நிம்மதியாக உட்கார விட்டால்தானே. "ஏம்மா, கொத்தமல்லிய எங்க வச்ச?" என்பார் அத்தை. கேஸ்காரர் வருவார். மகள் பென்சிலை மூக்கில் விட்டுக்கொள்வாள். எழுந்து போய்த் திரும்பி வந்தால் எங்கே விட்டோம் என்றே தெரியாது. முதல் வாரம் முழுக்கத் தொட்ட இடத்தையே தொட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு வழி பிடித்தேன். எழுந்திருக்கும்போது பச்சையில் விடக்கூடாது. அடுத்த டெஸ்டை எழுதி, சிவப்பாக்கி, அப்படியே விட்டுவிட்டு எழவேண்டும். திரும்பி வந்தால் அந்தச் சிவப்பு 'இங்கேதான் நிற்கிறாய்' என்று சொல்லும். அதற்குப் பிறகு கொத்தமல்லி என்ன, முழுச் சமையலும் முடித்துவிட்டு வந்துகூட அதே இடத்தில் கையை வைத்தேன். குழந்தையை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காதவர்களுக்கு என்றே யாரோ கண்டுபிடித்தது போல இருந்தது.

ஒரு நாள் நாற்பத்தோராவது ஆளிடம் வந்து நின்றேன். ஒருவர் வந்தாலும் ஒரு பந்தி, நாற்பது பேர் வந்தாலும் ஒரு பந்தி. அதுவரை பச்சை. நாற்பத்தொரு பேர் வந்தால் இரண்டு பந்தி என்று டெஸ்ட் எழுதி ஓட்டினேன். என் புரோகிராம் ஒன்று என்றது. பாவம், ஒரு ஆள் இலை இல்லாமல் நிற்கிறார். அவரை எப்படி உட்காரவைப்பது என்று மனசில் லேசாக ஒரு வழி தெரிந்தது. அதற்குள் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. சிவப்பாகவே விட்டுவிட்டு மகளை அழைத்துவர வாசலுக்கு ஓடினேன். அவளை வேனிலிருந்து இறக்கும்போதும் அந்த ஆளைத்தான் யோசித்தேன். மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் அவர்தான்.

திரும்பி வந்தால் திரை முழுக்கப் பச்சை. கணவர் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்று சிரிக்கிறார். "ஃபெயிலாயிருந்துச்சு. போற போக்குல சரி பண்ணிட்டேன். ஒரே வரிதான்."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! "யார் உங்கள தொடச் சொன்னா?"

"என்னம்மா, ஹெல்ப்தானே பண்ணேன்?"

"அந்தச் சிவப்பு தப்பு இல்லங்க. நான் வச்சிட்டுப் போன அடையாளம். சிவப்பைத் தொடாதீங்க!" என்று கத்திவிட்டு, அவர் கண்ணெதிரே அந்த ஒரு வரியை எழுத்தெழுத்தாக அழித்தேன். ஓட்டினேன். மறுபடி சிவப்பு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அத்தை சமையலறையிலிருந்து வந்துவிட்டார். "நல்லா இருக்கறத அழிக்கிறியே, உனக்கென்ன கிறுக்கா? அவன்கிட்ட குடுத்தா ஒரு நிமிஷத்துல முடிச்சிருவான். வூட்டுல ஒருத்தன் தெரிஞ்சவன் இருக்கறப்ப நீ எதுக்குக் கெடந்து மல்லாடற?"

"மல்லாடத்தான் அத்தை உக்காந்திருக்கேன்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். மறுநாள் நாற்பத்தோராவது ஆளை உட்காரவைத்துவிட்டேன். வகுத்துப் பார்த்து மீதி இருந்தால் இன்னொரு பந்தி. மூன்று வரி ஆனது. கணவர் எட்டிப் பார்த்து, "இதத்தான நானும் போட்டேன், ஒரே வரியில" என்றார். "நீங்க போட்டது உங்களுக்குத் தெரியும். எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றேன். சிரித்தார். ஆனாலும் அதற்குப் பிறகு நான் இல்லாதபோது லேப்டாப்பை அவர் தொடவில்லை. அதையும் சொல்லவேண்டும்.

தேர்வு நாளன்று அரியலூருக்கு பஸ்ஸில் போகிறேன் என்றேன், கணவர் கேட்கவில்லை. பைக்கில் கூட்டிப்போனார். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவில் போய் இறங்கும்போது என் கருநீலச் சுடிதார் சாம்பல் நிறமாகிவிட்டது. டீக்கடையில் நிறுத்தி, "கேளு, அவங்க முதல்ல என்ன கேப்பாங்கன்னா..." என்று தொடங்கினார். டீயை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியேறினேன்.

உள்ளே தேர்வு நடத்த, என்னைவிட வயதில் சின்னவராக ஒருவர். இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். பஸ்ஸில் ஏறுபவரின் வயதைக் கொடுத்தால் டிக்கெட் வேண்டாமா, அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்று சொல்லவேண்டும். முதலில் பதறிப்போனேன், உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் முதல் டெஸ்டை எழுதிச் சிவப்பு வந்ததும் பதற்றம் போய்விட்டது. பழகின இடம் அல்லவா. பெரியவர்களுக்கு முழு டிக்கெட், பச்சை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட், பச்சை. அதற்குப் பிறகு மாட்டிக்கொண்டேன். என் புரோகிராம் கைக்குழந்தைக்கும் அரை டிக்கெட் கிழித்தது. வரிக்கு வரி பார்க்கிறேன், தப்பு எங்கே என்று தெரியவில்லை. நேரம் ஓடுகிறது.

"விடுங்க மேடம், நான் போட்டுடறேன்" என்று அவர் கீபோர்டுக்குக் கையை நீட்டினார்.

எனக்கு என்ன தோன்றியதோ, கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "வேண்டாம் சார். நானே பாக்கறேன்." சொன்ன பிறகுதான் உறைத்தது. வேலை கொடுக்கிற ஆளின் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்! போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சரி, போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். நான் வாய்விட்டே வரிகளைப் படித்தேன். வயது பன்னிரண்டுக்குள்ளா என்ற அரை டிக்கெட் கேள்வியை முதலில் வைத்துவிட்டு, கைக்குழந்தையா என்ற கேள்வியைக் கடைசியில் வைத்திருந்தேன். குழந்தை முதல் கேள்வியிலேயே பிடிபட்டுவிடுகிறது. இரண்டையும் இடம் மாற்றினேன். பச்சை.

நேரம் முடிந்தபோது இன்னும் ஒரு டெஸ்ட் சிவப்பாக இருந்தது. வயதே சொல்லாதவருக்கு என்ன டிக்கெட் என்பது. "இத முடிக்கலையே?" என்றார். "முடிக்கலங்க. அடுத்த தடவ உக்காந்தா இங்கேருந்து தொடங்குவேன்" என்றேன். "சொல்லி அனுப்பறோம்" என்றார்.

கீழே வந்ததும் கணவர், "எல்லாம் முடிச்சியா?" என்றார். விவரத்தைச் சொன்னேன். "அடிப்பாவி! அவரே போட்டுத் தரேன்னாரு, வேண்டாம்னு சொன்னியா?" என்று ஊர் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். ஆனால் அன்றைக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை.

சில நாள் கழித்து, நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கணவர் இரண்டிரண்டு படியாக ஓடி வந்தார். கையில் என் போன். பின்னாலேயே அத்தை.

"உனக்கு வேலை கெடைச்சிருச்சு! இப்பத்தான் அந்த ஆபீஸ்லேருந்து ஒரு மேடம் பேசுனாங்க. நீ மேல இருந்தியா, நானே எல்லாம் பேசி முடிச்சிட்டேன்."

கையிலிருந்த ஈரத்துணியோடு திரும்பினேன். "என்ன பேசுனீங்க?"

"தினம் அரியலூர் போயிட்டு வரது உனக்கு அலைச்சல்னு சொன்னேன். வூட்டுலேருந்தே பாக்கட்டும், அரை நேரம் போதும்னு கேட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. பாப்பாவுக்கும் தொந்தரவு இல்ல பாரு."

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். "பாத்தியா எம்புள்ளைய, எல்லாத்தையும் யோசிச்சிருக்கான்" என்றார் அத்தை. என் வேலையைப் பாதியாக நறுக்கி என் கையில் கொடுக்கிறார், அதுவும் பாசமாக. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை. துணியை வாளியில் போட்டுவிட்டு அவர் கையிலிருந்து போனை வாங்கி, அதே எண்ணுக்கு அங்கேயே அழைத்தேன்.

"மேடம், இப்ப நீங்க பேசுனது என் வூட்டுக்காரர்ட்ட. வேலை எனக்குத்தானே? அவர் சொன்னத விட்டுடுங்க. என்கிட்ட முதல்லேருந்து கேளுங்க."

மறுமுனையில் அந்தப் பெண், சிரிப்பை அடக்குகிற குரலில், முதலிலிருந்து கேட்டார். "முழு நேர வேலைங்க. தினமும் ஆபீஸுக்கு வரணும். உங்களால வர முடியுமா?"

கணவரும் அத்தையும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வருவேங்க" என்றேன். "தினமும் வருவேன்."