சீறலை எடுக்கப் போய்

அறுபதுகளில் எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. பகலில் திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தோல் கிட்டங்கியில் குமாஸ்தா வேலை. சாயங்காலமானால் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஷாக் அடித்து அடித்துக் கற்றுக்கொண்டதுதான். பினாங்கிலிருந்து வந்த ஒருவர் விற்றுவிட்டுப் போன டேப் ரிக்கார்டரும், தகர டப்பாவில் நானே செய்த மிக்சரும் என்னிடம் இருந்தன. டப்பாவில் இரண்டு மைக்கைச் சொருகி, இரண்டு குமிழைத் திருகி, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று கூட்டலாம், குறைக்கலாம். ஊரிலேயே இது என் ஒருவனிடம்தான் என்ற திமிர் வேறு.

கிட்டங்கியில் தோலைத் தரம் பிரிக்கிற ஒருவன் எனக்கு நெருங்கிய சிநேகிதன். அவன் என்னை மாப்ளே என்பான், நானும் அவனை மாப்ளே என்பேன். ஒரு நாள் மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான். அவன் மனைவிக்குக் கழுத்தில் கட்டி. ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஆபரேஷனுக்குச் சேர்க்க வேண்டுமாம்.

"உசுருக்குப் பயமில்லைங்கிறாக மாப்ளே. குரல் போனாலும் போயிருமாம். புள்ளைக்கு எட்டு மாசந்தான் ஆகுது. அவ அம்மா பாட்டு அதுக்கு வேணும்ல. ஒன் மெசின்ல புடிச்சுக் குடு."

வெள்ளிக்கிழமை, அவன் தொழுகை முடித்து வந்ததும் போனேன். அந்த வீட்டுப் பெண்கள் வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை. நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் நான், மெஷின், ஒரு மைக், ஆர்மோனியத்தோடு அவன். அந்தப் பக்கம் இன்னொரு மைக்கும் அவளும், மடியில் குழந்தையும். மைக்கை ஒரு முழம் தள்ளி வைக்கச் சொல்லி அனுப்பினேன். அவள் பார்த்த மைக்கெல்லாம் கூட்டத்தில் பேசுகிறவர்கள் வாயோடு ஒட்டி வைத்துக்கொள்கிற மைக்தான். தன் குரல் ஏறாமல் போய்விடுமோ என்று பயந்து, அதைக் கையில் எடுத்து உதட்டோரம் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவன் எட்டிப் பார்த்துச் சொன்னான்.

தாலாட்டுப் பாடினாள். அப்படி ஒரு குரலை அதற்கு முன் நான் கிட்டத்தில் கேட்டதில்லை. ஆனால் ஸ வருகிற இடமெல்லாம், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சீறியது. நபிகள் மேல் ஸலவாத்தும் ஸலாமும் வருகிற பாட்டு, வரிக்கு இரண்டு சீறல். குமிழைக் குறைத்தால் பாட்டும் சேர்ந்து குறைந்தது. ஆர்மோனியத்தைக் கூட்டி மறைக்கப் பார்த்தேன். அதையும் மீறிச் சீறியது.

"மாப்ளே, நேரா புடிக்க வேணாம், கன்னத்துப் பக்கமா திருப்பிப் புடிக்கச் சொல்லு."

அவன் திரையைப் பார்த்துச் சொன்னான். "இப்பச் சரியான்னு அண்ணனக் கேளுங்க" என்று உள்ளேயிருந்து வந்தது. மூன்று வரி நன்றாகத்தான் இருந்தது. குழந்தை சிணுங்கியது, மைக் மறுபடி உதட்டுக்குப் போய்விட்டது. நான் உள்ளே போனால் அரை நிமிஷ வேலை. போக முடியுமா? கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவது தடவை பாடும்போது அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"இம்புட்டுத்தான் முடியும்ணே" என்றாள்.

"போதும்மா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன். அந்த வாயை என்ன சொல்ல.

மறுநாள் மைக்செட் கடையில் இன்னொரு மெஷினையும் டேப் சுற்றிய ஒரு ஸ்பூலையும் இரவல் வாங்கினேன். இரண்டு மெஷினுக்கும் நடுவில் ஒரு கண்டென்சரை வைத்தால் கூர்மையான சத்தம் மட்டும் வடிந்துபோகும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒன்று வைத்தேன், சீறல் பாதி குறைந்தது. இரண்டாவது வைத்தேன். மூன்றாவது வைத்ததும் சுத்தமாகப் போய்விட்டது. காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனது எனக்கு உறைக்கவில்லை. சீறல் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். அவள் குரல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஸ்பூல் அப்போது குதிரைக்கொம்பு. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, கடை ஸ்பூலை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். அதனால் கடை ஸ்பூலில் வடிகட்டிப் பிடித்த பாட்டை என் ஸ்பூலிலேயே, முதலில் பிடித்த பாட்டின் மேலேயே, திரும்ப ஏற்றினேன். அதுவும் நடுவில் இருந்த மூன்று கண்டென்சரையும் கழற்றாமல். வடிகட்டியதையே மறுபடி வடிகட்டியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டுக் கேட்டேன். ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு யாரோ பாடினார்கள். சீறல் இல்லை, ஸ-வும் இல்லை, ஒரு சொல் எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியவில்லை. கடை ஸ்பூலில் ஒரு தடவை மட்டும் வடிகட்டியதாவது இருக்குமே என்று தோன்றியது. மைக்செட் கடைக்கு ஓடினேன். அவர்கள் ஸ்பூலில் முதல்நாள் சாயங்காலமே பாட்டின் மேல் ஒரு பொதுக்கூட்டப் பேச்சைப் பிடித்திருந்தார்கள். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு ஓடினேன். மதுரை வண்டி போயிருந்தது. போகாமல் இருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? தொண்டை கட்டியவளைப் பிளாட்பாரத்தில் உட்கார வைத்துப் பாடச் சொல்லியிருப்பேனா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்தான் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது என்று சிநேகிதன் சொன்னான். அவன் பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னபோதெல்லாம் மெஷின் ரிப்பேர், பெல்ட் இல்லை என்று ஒரு மாதம் சாக்குச் சொன்னேன். அந்த ஒரு மாதமும் வடிந்ததைத் திரும்பக் கொண்டுவர என்னென்னவோ செய்தேன். இரைச்சல்தான் கூடியது. கடைசியில் அவனே ஒரு வெள்ளிக்கிழமை மெஷினைத் தூக்கிச் சைக்கிளில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

போட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை கேட்டான். அவன் மடியிலிருந்த குழந்தை ஸ்பூல் சுற்றுவதை வேடிக்கை பார்த்தது.

"நல்லா இருக்கு மாப்ளே" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. அவள் கூப்பிடுகிறாள் என்று எழுந்து போனான். அவள் வெறும் காற்றுக் குரலில் ஏதோ கேட்டது எனக்குப் பிடிபடவில்லை. திரும்பி வந்தவன் உட்காராமல் நின்றான்.

"என்ன சொல்றாக?" என்றேன்.

"பாடுறது யாருன்னு கேக்குறா."