தில்லையம்பலம் கட்டிய பை

லா சப்பல் என்ற வெளிநாட்டுத் தமிழ்க் கடைத்தெருவில், ஊருக்குப் போகிறவர்கள் எவராயினும் பயணத்துக்கு முன் தில்லையம்பலத்தைத் தேடி வருவார்கள். பலசரக்குக் கடையில் மூட்டை இறக்குவது அவர் வேலை. வலீஸ், அதாவது பயணப்பெட்டி, கட்டுவதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். விமானக்காரன் விட்ட கிலோவுக்குள் ஒரு வீட்டையே அடக்கிவிடுவார். பைக்குள் வெறும் இடத்தைக் கண்டால் மனுஷனுக்குக் கை சும்மா இராது.

மகள் தர்மிளா அமெரிக்காவுக்குப் போய், ஏதோ பாலைவனப் பள்ளத்தாக்குக்குள் மூன்று நாள் நடக்கப்போவதாகச் சொன்னாள்.

“படுக்கிறது எங்கை?”

“நிலத்திலை.”

“குழாய், கக்கூஸ்?”

“ஒண்டும் இல்லையப்பா. அதுதான் விஷயமே.”

“நாங்கள் சண்டைக்குள்ளை வன்னியிலை பட்டதை நீ லீவு போட்டுப் படப்போறியோ?”

புறப்படும் அன்று அவள் குளிக்கப் போனதும் இவர் முதுகுப்பையைத் திறந்தார். அடியில் சுருட்டிய வெறும் பிளாஸ்டிக் பைகள். குப்பையையும் காவிச் சுமக்கிறாளே என்று அவற்றை எடுத்து அலுமாரியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பருத்தித்துறை வடையை அடுக்கினார். பிள்ளை பசி கிடக்கலாமா? சொன்னால் எடுத்துவிடுவாள் என்று சொல்லவில்லை.

அவள் பள்ளத்தாக்கில் இறங்கும் நாளில், மிளகாய்த்தூள் கட்ட உதவும் என்று அந்தப் பைகளைக் கடைக்குக் கொண்டுபோனார். கூட வேலைசெய்யும் றூபன் ஒன்றை விரித்துப் பார்த்தான். அவனுக்கு மலையேறிப் பழக்கம் உண்டு.

“அண்ணை, இது தண்ணிப் பையெல்லோ. பாலைவனத்திலை ஆறு குளம் இல்லை. மூண்டு நாள் தண்ணியையும் இதிலைதான் காவவேணும்.”

தில்லையம்பலம் பைகளைக் கீழே போட்டார். போன் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். அங்கே போன் எடுபடாது என்று அவள் சொல்லித்தான் போயிருந்தாள். பொலிசுக்குச் சொல்லலாம். எந்தப் பொலிசுக்கு? பள்ளத்தாக்கின் பெயரைக்கூட இந்த மனுஷன் கேட்டு வைக்கவில்லை. மனைவி புனிதவதியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. பிள்ளை எங்கோ நா வறண்டு கிடக்க, இங்கே பாழாய்ப்போன மழை ஓயாமல் பெய்தது. கையில் எடுத்த தண்ணீரைக் குடிக்காமலே வைத்தார். “அண்ணை, இன்னும் இடம் கிடக்குப் போல” என்று ஒரு பெண் வலீஸை நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை.

நாலாம் நாள் அவள் போன் எடுத்தாள்.

“பிள்ளை, தண்ணி குடிச்சியோ?”

“நான் இறங்கேல்லை அப்பா.”

விளிம்பில் நின்று பையைத் திறந்தபோதுதான் தண்ணிப் பைகள் இல்லாததைப் பார்த்தாளாம். இறங்க அனுமதி அன்றைக்கு மட்டுந்தான். கடைக்கு ஓடிவர நேரமில்லை. கூட வந்தவர்களிடம் இருந்தது அவரவருக்கான தண்ணீர். அவர்கள் இறங்கிப் போக, இவள் மூன்று நாளும் மேலே, போனும் எடுபடாத இடத்தில், காரடியில் காத்திருந்திருக்கிறாள்.

உயிரோடு இருக்கிறாள்! அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“அது போதும் பிள்ளை, எனக்கு அது போதும்.”

“உங்களுக்குப் போதும்” என்றாள் தர்மிளா. “ரெண்டு வருஷமா இதுக்கெண்டுதானே அப்பா நான் நடந்து நடந்து பழகினனான்.”

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. போனைக் காதில் வைத்தபடி நின்றார். அவளும் போனைத் துண்டிக்கவில்லை.