குளுவைக் காலில் இருந்த வளையம்

மார்கழியில் எங்கள் ஏரியில் முதலில் சாவது நாமக்கோழிதான். நெற்றியில் வெள்ளை போட்ட கறுப்புப் பறவை. மேலே பருந்து வட்டமிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்பாகிவிடும். ஓரத்தில் இருப்பது போகும். பருந்து அதை வரப்பில் போட்டு, உயிர் துடிக்கும்போதே நெஞ்சைக் கிழித்துத் தின்னும். எருமை மேய்க்கப் போகிற எனக்குத் தினமும் இதுதான் காட்சி. பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எது நடந்தாலும் அடுத்து என்ன ஆகுமோ என்றுதான் எனக்கு ஓடும். "இன்னாமே, சோறு வெந்தாலும் பயப்பட்ற, வேகாட்டியும் பயப்பட்ற" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் அந்த ஏரி. இக்கரையில் எங்கள் தமிழ் ஊர், அக்கரையில் தெலுங்கு ஊர். ஊருக்கு ஒரு மதகு, ஒரு நீர்கட்டி. மதகைத் திறந்து மூடி வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர்தான் நீர்கட்டி. எங்கள் ஊருக்கு என் வீட்டுக்காரர். அவரும் அக்கரை நீர்கட்டியும் ஒருவரையொருவர் தெலுங்கில் 'பாவா', மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஏரி நடுவில் கருவேல மரங்கள். குளிர்காலத்துப் பறவைகள் அதில் அடைந்து எச்சமிடும். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு வேறு எரு வேண்டாம். அதனால் இரண்டு ஊருக்கும் ஒரு கட்டுப்பாடு: பறவை இறங்கினதிலிருந்து கிளம்புகிற வரைக்கும் கரைமேல் வெடி கிடையாது, மேளம் கிடையாது, சத்தமே கிடையாது. சண்டை வந்தால்கூட ரோட்டோர ஆலமரம் வரைக்கும் நடந்து போய்த்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே போய்ச் சேருவதற்குள் பாதிப் பேருக்குக் கோபம் இறங்கிவிடும்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எல்லை எது என்று தகராறு நடந்த சமயம். வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று சர்க்கார் ஆட்கள் வந்து கேட்டார்கள். கதவுக்கு நம்பர் போட்டார்கள், கரையோரம் நம்பர் போட்ட கல் நட்டார்கள். சந்தையில் மண்டை உடைந்தது என்று சேதி வந்தது. ஏரி மெட்ராசுக்கா ஆந்திராவுக்கா என்பதே இரண்டு கரையிலும் பேச்சு. எனக்கு ஒரே கவலைதான். எங்கே அடி கிளம்பினாலும், மதகில் தனியாக நிற்கிற மனுஷன் மேல்தான் முதலில் விழும்.

ஒருநாள் காலையில் பருந்து ஒரு குளுவையை, சின்ன வாத்து அது, எங்கள் மதகுப் பக்கம் அடித்துப் போட்டது. தலை இல்லை. காலில் மட்டும் பளபளவென்று ஒரு தகட்டு வளையம், அதில் எழுத்தும் நம்பரும். வீட்டுக்காரருக்குத் தமிழும் தெலுங்கும் படிக்கத் தெரியும். இது ரெண்டும் இல்லை. சர்க்கார் இதுக்கும் கல் நட்டுட்டாங்க பார் என்று சிரித்து, வளையத்தைக் கழற்றி மதகு ஆணியில் மாட்டினார். தண்ணீரில் வீசச் சொன்னேன். பாவா பார்க்கட்டும் என்றார்.

பாவா பார்த்தார். சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே அக்கரையில் பேச்சு கிளம்பிவிட்டது. கல்லுக்கு நம்பர், கதவுக்கு நம்பர், இப்போது பறவைக் காலுக்கும் நம்பர். ஏரியை மெட்ராசுக்கு எழுதிவாங்கத் தமிழ்க்காரன் பறவையைப் பிடித்துக் குறி போடுகிறான் என்று. எங்கள் ஊர்க்காரர்கள் புத்திசாலிகளா என்றால் அதுவும் இல்லை. குறி போட்டது அவர்கள்தான், பழியை நம் மதகில் மாட்டிவிட்டார்கள் என்று இவர்கள் தடி சீவினார்கள்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு ஊர் ஆட்களும் கரைமேலேயே வந்தார்கள். ஆலமரத்துக்கு யாரும் போகவில்லை. வீட்டுக்காரர் வளையத்தை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் நீட்டிக்கொண்டு எதிரே போனார்.

"பாவா, இங்க வேணாம். மரத்துக்குப் போலாம் வா."

மதகு திருகுகிற இரும்புக் கம்பியால் பாவாதான் முதல் அடி அடித்தார். எலும்பு உடைந்த சத்தம் எருமைகள் நின்ற இடத்துக்குக் கேட்டது. ஏரி மொத்தமும் எழும்பியது. குளுவை, நாரை, கூழைக்கடா எல்லாம் தலைக்கு மேலே இரைந்தன. எல்லோரும் ஒரு நொடி அண்ணாந்து பார்த்தார்கள். பாவாவும் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி அடித்தார், இந்தத் தடவை முகத்தில். அப்புறம் எங்கள் ஆட்கள் அரிவாளோடு பாய்ந்தார்கள். யாரோ ஒருவருடைய விரல்கள் புல்லில் கிடந்தன. வாய்க்காலில் தண்ணீர் சிவப்பாக ஓடியது.

வண்டி கட்டித் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். உயிர் தப்பியது. வலது கண் போனது. மூடிய கையைப் பிரித்தபோது உள்ளே வளையம் இருந்தது. டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்து, எங்கேயோ பனி பெய்கிற தேசத்தில் பறவை எதுவரை போகிறது என்று தெரிந்துகொள்ள மாட்டியிருக்கிறார்கள் என்றார். பறவை செத்ததுக்கு நம்மைக் கேட்பார்களா என்று கேட்டேன்.

அந்தக் குளிருக்குப் பறவைகள் திரும்பி இறங்கவில்லை. இரண்டு ஊரிலும் பயிர் வெளிறி நின்றது. எல்லை முடிவானபோது ஏரியும் இரண்டு கரையும் ஒன்றாக ஆந்திராவிலேயே நின்றன.

அடுத்த கார்த்திகையில் குளுவை வந்தது. வீட்டுக்காரர் மதகுக்குப் போனார். புல்லுக் கூடையில் அரிவாளைப் போட்டுக்கொண்டு நானும் பின்னால் போனேன். கரைமேல் பாவா வந்தார், வெறுங்கையோடு. வீட்டுக்காரருக்கு வலது பக்கமாக நின்றார்.

"கனபடுதுந்தா, பாவா?" கண் தெரிகிறதா என்று மெதுவாகத்தான் கேட்டார். பறவைகள் இருந்தனவே.

"குளுவை வந்துகீறது தெரியுது. நீ அந்தப் பக்கம் நிக்காத. எனக்குத் தெரியாத பக்கம் அது."

பாவா சுற்றி இடது பக்கம் வந்து நின்றார். இரண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடைக்குள் இருந்த கையை நான் வெளியே எடுக்கவில்லை.