வெறும் ரோட்டில் ஒரு கல்

மீனாட்சிபுரத்தில் காலைப் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மாமாவும் ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றில் ஓடப் போவோம். மாமா என்றால் சொந்த மாமா இல்லை. கடைத்தெருவில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் ராவுத்தர். அவருக்கு நான் மாப்ளே. எங்கள் இரண்டு வீட்டுக்கும் இந்த முறை எப்போதோ வந்தது. யார் தொடங்கியது என்று யாரும் கேட்டதில்லை.

சர்க்கரைக்காக டாக்டர் அவரை நடக்கத்தான் சொன்னார். அவர் ஓடினார். துணைக்குப் போன நானும் ஓடினேன். பால் கேனோடு எதிரே வருகிறவர்கள், "ஏனுங்க, ஆரு தொரத்தறாங்க?" என்பார்கள். "நாப்பதுல நாய்க்குணம்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். மாமா நின்று, அவரைப் பார்த்து ஒருமுறை குரைத்துவிட்டு ஓடினார்.

கரடு பெரிய மலை இல்லை. ஆடு மேய்க்கிறவர்கள் நடந்து நடந்து விழுந்த தடம், உச்சியில் ஒரு பாறை. அங்கே நின்றால் தென்னந்தோப்புகளும் மாநில எல்லைக்கு அந்தப்பக்கத்துக் காற்றாலைகளும் தெரியும். ஏறுவது கஷ்டம், இறங்குவதுதான் சுகம். இறக்கத்தில் ஓடும்போது தீவன விலை, மாட்டின் மடிநோய் எதுவும் மனதில் நிற்காது. அடுத்த கால் எங்கே என்பது மட்டும்தான். அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். முன்னால் ஓடுகிறவர் காலடியில் இருப்பதைக் கூவிச் சொல்ல வேண்டும். "கல்லு!" "வேரு!" "சறுக்கு!" பின்னால் வருகிறவருக்குக் காது இருந்தால் போதும். மாமாதான் எப்போதும் முன்னால். கடையில் விலை சொல்கிற அதே குரல். அதை நம்பியே வருடக்கணக்கில் இறங்கினேன்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் அவர் சிலதைச் சொல்லாமல் விட ஆரம்பித்தார். ஓரத்து வேர் ஒன்று தட்டிக் குப்புற விழுந்தேன். "என்ன மாமா, ஓடீட்டே தூங்கறீங்களா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அங்க வேரு இருந்துதா?" என்றார்.

கோயமுத்தூரில் சோதித்தார்கள். கண்ணுக்குள் பிரஷர். நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சம் நிற்குமா என்பதும் சொல்வதற்கில்லை. பக்கப்பார்வை ஏற்கெனவே போயிருந்தது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரே மட்டும் தெரிந்தது. திரும்பி வரும்போது காரில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஞாயித்துக்கெழம நீ முன்னால போறயா மாப்ளே?"

போனேன். தொண்டை வறளக் கூவினேன். சில வாரங்கள் நன்றாகவே நடந்தது, எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. பிறகு ஒரு நாள் பாதி இறக்கத்தில் "கல்லு!" என்றேன். பின்னால் ஒரு சத்தம். தோள்பட்டை எலும்பு உடைந்து கிடந்தார்.

"நீ சரியாத்தான் சொன்னே. என் காலே எனக்குத் தெரியல" என்றார். அழுதது வலிக்காக இல்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா என்னைத் திட்டவில்லை. "போதுங் தம்பி. இனிக் கரடு வேண்டாங்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

எலும்பு கூடியது. பார்வை இன்னும் குறைந்தது. மகன் கடையைப் பார்த்துக்கொள்ள, மாமா மூட்டை மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் ஒருமுறை தனியே கரட்டடிவரை போனேன். ஏற மனம் வராமல் திரும்பிவிட்டேன்.

இப்போது கால்வாய் ஓரத்துத் தார் ரோட்டில் ஓடுகிறோம். ஒரு துண்டு, ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இதைவிடச் சலிப்பான ஓட்டம் உலகத்தில் இருக்காது. அவர் முகத்தைப் பார்க்காமலே ஓடுவேன்.

போன வாரம் மாமா, "ஏன் வாயத் தொறக்காம வர்றே? சத்தங் குடு" என்றார்.

"என்னன்னு குடுக்கறது மாமா? வெறும் ரோடு."

"நம்ம கரட்டுல எறங்கறோம்னு நெனச்சுக்க."

துண்டின் முனையைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். பிறகு உச்சிப் பாறையிலிருந்து தொடங்கினேன். "சறுக்கு!" அவர் காலைச் சின்னச் சின்னதாக வைத்தார். "பள்ளம்!" தாண்டினார். முகத்தைப் பார்த்தேன், பழைய மாமா. "வேரு!"

துண்டை வெடுக்கென்று இழுத்தார். "அந்த வேருக்கு முன்னால ஒரு கல்லு இருக்கு. வுட்டுப்போட்டயே."

இருக்கிறது. அவர் விழுந்த கல். எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"சொல்லு மாப்ளே" என்றார்.

"கல்லு" என்றேன்.

ஒன்றுமே இல்லாத ரோட்டில் மாமா காலை உயரத் தூக்கி, அந்தக் கல்லைத் தாண்டினார்.