லிங்கராஜ் கை ஓங்காத நாள்

மாப்பிள்ளையூரணி லிங்கராஜுக்குக் கோபம் மூக்கின் மேல் என்பார்கள். பொய். கோபம் மூக்குக்கு வந்து சேருவதற்குள் கை வேலையை முடித்திருக்கும். துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். எடைமேடைக்காரன் ஒருவனின் தாடையை உடைத்திருக்கிறான். முந்திப்போன வேன் டிரைவரை இழுத்து இறக்கிப் பல்லைக் கொட்ட வைத்திருக்கிறான். போன மாசியில் பெண்டாட்டி முத்துச்செல்வி மேலேயே கை நீட்டினான். அவள் காதிலிருந்து ரத்தம் வந்தது.

“இனிமே யார் மேலயாவது கை ஓங்குனீங்கன்னு தெரிஞ்சா, பிள்ளையக் கூட்டிட்டு ஓட்டப்பிடாரத்துக்கு எங்க அம்ம வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்,” என்றாள். சொன்னால் செய்கிறவள்.

அந்தப் பயத்தில்தான் இந்த முரட்டு ஆள் கல்யாண மண்டபத்து யோகா வகுப்பில் போய்ச் சம்மணமிட்டான். சொல்லிக்கொடுத்த செல்வராணி பேங்கில் வேலை பார்க்கிறவள். “கோபம் வந்தா அதோட மல்லுக்கு நிக்காதீங்க அண்ணாச்சி. வாரதப் பாருங்க, போறதப் பாருங்க. கூட மட்டும் போவாதீங்க. யோகம்னா அதுதான், உடம்ப வளைக்கது இல்ல.” கண்ணை மூடினால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அடிக்காமல் விட்டுப்போன ஆட்களின் முகம். ஆனாலும் விடாமல் போனான்.

ஆடி மாதம், துறைமுக வாசலில் லாரி வரிசை. வெளியூர் லாரி ஒன்று நடுவில் நுழைந்தது. லிங்கராஜின் ஒரே கூட்டாளி செல்லப்பாண்டி இறங்கிப் போய்க் கேட்டான். அதிலிருந்து நாலு பேர் குதித்தார்கள். வீல் ஸ்பேனரின் முதல் அடியில் செல்லப்பாண்டியின் தோள்பட்டை நொறுங்கியது. விழுந்தவனை வயிற்றில் மிதித்தார்கள்.

லிங்கராஜ் தன் லாரிக்குள் கண்ணை மூடி மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூடப் போகாதே, கூடப் போகாதே. வெளியே செல்லப்பாண்டி அவன் பேரைச் சொல்லி அலறினான். அப்படி ஒரு அமைதி எந்த மனிதனுக்கும் வேண்டாம். அது அவனுக்கே உறைத்தது. கதவைத் திறந்து குதித்தான்.

குதித்தவன் செல்லப்பாண்டி மேல் குப்புறக் கவிழ்ந்தான். ஸ்பேனர் முதுகில் இறங்கியது, மண்டையில் இறங்கியது. தன் விலா எலும்பு முறியும் சத்தம் அவனுக்கே கேட்டது. எட்டினால் ஒருவனுடைய குரல்வளை கைக்குள் வந்துவிடும். கை துடித்தது. தார்ச் சாலையைப் பிறாண்டிப் பிடித்துக்கொண்டான். மற்ற டிரைவர்கள் ஓடிவந்து அந்த நாலு பேரையும் இழுக்கும்வரை பிடியை விடவில்லை.

ஓட்டப்பிடாரத்துக்குக் கட்டிய துணிப்பையோடுதான் முத்துச்செல்வி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சண்டை என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“நான் அடிக்கல, ஏளா.”

அவள் நம்பவில்லை. அவன் கைகளை இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் முட்டியில் ஒரு கீறல் இல்லை. நகங்கள் மட்டும் பிய்ந்து, தார் ஏறிக் கிடந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்கு மேல் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை. “கைதான் சும்மா இருந்துச்சு. மனசுக்குள்ள அந்த நாலு பேரையும் கொன்னுட்டேன். இன்னும் கொன்னுட்டுதான் இருக்கேன்.”

“அங்கனயே வச்சுக் கொல்லுங்க,” என்று சொல்லி, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அவள் அவன் காலடியில் உட்கார்ந்தாள்.